ஜோடி பிரியாமல் கைமாற்றும் உலோகம்



எம்.ஆர்.ஐ. எடுக்கப் போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். உங்களுக்கு இல்லாவிட்டாலும், வீட்டில் ஒருவரை அழைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். அந்த அறைக்குள் நுழையும் முன் தாதி சொல்லும் முதல் வார்த்தை என்ன? "நகையெல்லாம் கழற்றிடுங்கம்மா." தோடு, மூக்குத்தி, வளையல், மெட்டி எல்லாம் ஒரு சின்னப் பையில் போகும். தாலியைக் கழற்ற மனம் வராமல் சற்று நேரம் தயங்கி நிற்கும் பெண்களும் உண்டு. உள்ளே இருப்பது பெரிய காந்தம். உலோகம் எதுவும் அதன் அருகில் வரக் கூடாது.

உலோகத்தை வாசலிலேயே நிறுத்தும் அந்த இயந்திரத்துக்கு உலோகம்தான் உதவிக் கரம் நீட்டுகிறது என்றால் நம்ப முடிகிறதா? சில அரிய உலோகங்களின் துணையோடு, எம்.ஆர்.ஐ. கருவியின் காதுக்கு எட்டாத மெல்லிய சமிக்ஞையை ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு, சில வேளைகளில் ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் பெருக்கிக் காட்டுகிறார்கள் வேதியியலாளர்கள். அதற்கு அவர்கள் பிடித்திருக்கும் வழியின் பெயர் பாரா ஹைட்ரஜன். இன்றைய அங்கத்தில் அதன் கதையைப் பார்ப்போம்.

சமிக்ஞை ஏன் இவ்வளவு மெலிந்தது?

நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் கரு, அதாவது புரோட்டான், ஒரு மிகச் சிறிய காந்தம் போல நடந்துகொள்கிறது. பெரிய காந்தத்துக்குள் ஒருவரைப் படுக்க வைத்தால் இந்தச் சின்னக் காந்தங்கள் எல்லாம் ஒரே திசையில் அணிவகுத்து நிற்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் அப்படி நடப்பதில்லை. ஏறக்குறைய பாதி ஒரு பக்கமும் பாதி எதிர்ப்பக்கமுமாக நிற்கின்றன. உடம்பின் வெப்பமே அவற்றைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது.

பத்துமலைத் தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். 10 லட்சம் பேர் திரண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படியில் ஏறுவோரும் இறங்குவோரும் கிட்டத்தட்ட சரிபாதி. ஏறுவோர் இறங்குவோரைவிட வெறும் 5 பேர் அதிகம். மலை அடிவாரத்தில் நிற்கும் ஒருவர் அந்த 5 பேரை மட்டும் வைத்து, கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நடக்கிற காரியமா? ஆனால் எம்.ஆர்.ஐ. அதைத்தான் செய்கிறது. 1.5 டெஸ்லா வலுவுள்ள கருவியில், 10 லட்சம் புரோட்டான்களுக்கு ஏறக்குறைய 5 மட்டுமே ஒரு பக்கம் கூடுதலாக நிற்கின்றன. 3 டெஸ்லா கருவியில் அது 10 ஆகிறது. மீதி எல்லாம் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கின்றன.

இருந்தும் படம் தெளிவாக வருகிறதே, எப்படி? உடம்பில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கோடானுகோடி புரோட்டான்கள் இருப்பதால், அந்தச் சொற்ப உபரியே போதுமானதாகிவிடுகிறது. தண்ணீரைத் தவிர வேறொன்றைப் பார்க்க வேண்டும் என்றால்தான் சிக்கல் தொடங்குகிறது. உடம்பின் செல்கள் சர்க்கரையை எப்படி எரிக்கின்றன, ஒரு மருந்து எங்கே போய்ச் சேருகிறது என்றெல்லாம் கேட்டால் இயந்திரம் மௌனமாகிவிடும். காரணம், அந்தப் பொருள்கள் தண்ணீரைவிட மிக மிகக் குறைவாக இருக்கின்றன. அவற்றில் உள்ள கார்பனைப் பார்க்கலாம் என்றால், சாதாரணக் கார்பனுக்கு இந்தக் காந்தக் குணமே கிடையாது. நூற்றில் ஒன்றாக வரும் கார்பன் 13 என்ற வகைக்கு மட்டுமே அது உண்டு. அதன் காந்த வலுவும் புரோட்டானில் கால் பங்குதான்.

காந்தத்தை இன்னும் பெரிதாக்கலாமே என்று கேட்கலாம். இரண்டு மடங்கு ஆக்கினால் உபரியும் இரண்டு மடங்குதான் ஆகும். 5 பேர் 10 பேராவார்கள். செலவோ பல மடங்கு ஏறும். ஆகவே விஞ்ஞானிகள் வேறு வழியில் யோசித்தார்கள். கலைந்து கிடக்கும் கூட்டத்தை காந்தத்தால் இழுத்து ஒழுங்குபடுத்துவதற்குப் பதிலாக, ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும் ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தால் என்ன?

ஹைட்ரஜனில் இரண்டு வகை

அப்படி ஒழுங்காக இருக்கும் பொருள் ஹைட்ரஜன் வாயுவுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் ஜோடியாக இருக்கின்றன. இரண்டின் கருக்களும் ஒரே திசையைப் பார்த்தால் அது ஆர்த்தோ ஹைட்ரஜன். ஒன்றுக்கொன்று எதிராக நின்று, ஒன்றின் காந்தத்தை மற்றது முழுமையாக ரத்து செய்தால் அது பாரா ஹைட்ரஜன். சாதாரண அறை வெப்பத்தில் நான்கில் மூன்று பங்கு ஆர்த்தோ, ஒரு பங்கு மட்டுமே பாரா.

குளிரூட்டினால் இந்தக் கணக்கு மாறும். பாரா வகைக்குச் சக்தி குறைவு என்பதால், குளிர் கூடக் கூட அதுதான் நிலைக்கும். திரவ நைட்ரஜனின் குளிரில், அதாவது சுழியத்துக்குக் கீழ் 196 டிகிரி செல்சியஸில், பாதிக்குப் பாதி ஆகிறது. சுழியத்துக்குக் கீழ் 253 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட முழுவதும் பாரா ஹைட்ரஜன்தான்.

இங்கேதான் முதல் உலோகம் மேடையேறுகிறது. குளிரூட்டினால் மட்டும் போதாது. ஆர்த்தோவில் இருக்கும் ஜோடி தானாகப் பாராவுக்கு மாற நாள்கணக்கில் ஆகும். அதைத் தட்டிவிட ஒரு வினையூக்கி வேண்டும். 1929ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர்களான கார்ல் பிரீட்ரிச் போன்ஹோபரும் பவுல் ஹார்டெக்கும் கரித்தூளைப் பயன்படுத்தி இதைச் செய்து காட்டினார்கள். இன்று பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு பயன்படுகிறது. துருப்பிடித்த இரும்பின் உறவுக்காரப் பொருள்தான் அது. அதன் மேற்பரப்பில் உள்ள காந்தக் குணம், பக்கத்தில் வரும் ஹைட்ரஜன் ஜோடியில் ஒன்றை மட்டும் திருப்பிவிடுகிறது.

இதில் ஒரு வசதி உண்டு. குளிரில் பாரா ஹைட்ரஜனாக மாற்றிவிட்டு, இரும்பு ஆக்சைடிலிருந்து பிரித்து எடுத்து, வாயுவை மறுபடி அறை வெப்பத்துக்குக் கொண்டு வந்தாலும் அது உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. போன வழியிலேயே திரும்பி வர அதற்கு அந்த வினையூக்கி தேவை. அது இல்லாததால், பொருத்தமான சிலிண்டரில் அடைத்து வைத்தால் நாள்கணக்கில் பாரா ஹைட்ரஜனாகவே இருக்கும்.

இந்தக் கண்டுபிடிப்பு அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிதாக மதிக்கப்பட்டது தெரியுமா? வெர்னர் ஹைசன்பர்க்குக்கு 1932ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு குவாண்டம் இயக்கவியலை உருவாக்கியதற்காக வழங்கப்பட்டது. அந்தக் கொள்கையின் பயனாக ஹைட்ரஜனின் இரு வகைகள் கண்டறியப்பட்டதைப் பரிசுக் குறிப்பு தனியாக எடுத்துச் சொன்னது. பின்னாளில் ராக்கெட் எரிபொருளுக்காகத் திரவ ஹைட்ரஜனைச் சேமித்தவர்களுக்கும் இது பெரிய விஷயமானது. ஆர்த்தோ வகை தொட்டிக்குள் மெல்ல மெல்லப் பாராவாக மாறும்போது வெப்பம் வெளிவரும். அந்த வெப்பம் திரவத்தையே ஆவியாக்கிவிடப் போதுமானது. ஆகவே தொட்டியில் நிரப்பும் முன்பே வினையூக்கியின் உதவியோடு பாராவாக மாற்றிவிடுகிறார்கள்.

ஊமைக்குக் குரல் கொடுத்த ரோடியம்

சரி, ஒழுங்கான ஹைட்ரஜன் கையில் இருக்கிறது. அதை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்தால் பெரிய சமிக்ஞை வருமா? வராது. ஒன்றும் வராது. இரண்டு காந்தங்களும் ஒன்றையொன்று முழுதாக ரத்து செய்துகொள்வதால் பாரா ஹைட்ரஜன் கருவியைப் பொறுத்தவரை ஊமை. ஒழுங்கு இருக்கிறது, குரல் இல்லை.

குரல் வர வேண்டுமானால் இரண்டு அணுக்களும் வேறொரு மூலக்கூறுக்குள் போய், ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரண்டு இடங்களில் உட்கார வேண்டும். அப்போதுதான் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்து அறிய முடியும். ஒளிந்திருந்த ஒழுங்கு வெளியே தெரியும். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரே ஜோடியைச் சேர்ந்த இரண்டும், ஒரே மூலக்கூறுக்குள், சேர்ந்தே போக வேண்டும். வழியில் ஜோடி மாறிவிட்டால் எல்லாம் வீண்.

ஒரு பொருளோடு ஹைட்ரஜனைச் சேர்ப்பது பழைய வித்தை. நிக்கல் தூளைப் போட்டு எண்ணெயை வனஸ்பதியாக்கியது அதே வித்தைதான். நுண்ணிய உலோகத் தூளைக் கொண்டு ஹைட்ரஜனைச் சேர்க்கும் முறைக்காக பிரான்சின் பவுல் சபாட்டியே 1912ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். ஆனால் இங்கே அந்தத் தூள் உதவாது. உலோகத் தூளின் மேற்பரப்பு ஒரு திறந்த மைதானம் போன்றது. அதில் வந்து விழும் ஹைட்ரஜன் ஜோடிகள் பிரிந்து, ஆளுக்கொரு பக்கம் ஓடி, கூட்டத்தில் கலந்துவிடும். பிறகு கைக்குக் கிடைத்த ஏதோ இரண்டு அணுக்கள் எண்ணெயில் போய்ச் சேரும். வனஸ்பதிக்கு அது போதும். பாரா ஹைட்ரஜனுக்குப் போதாது.

வேண்டியது மைதானமல்ல, ஒரே ஓர் உலோக அணு. இங்கிலாந்தின் ஜெப்ரி வில்கின்சன் 1960களில் அப்படி ஒன்றை உருவாக்கி வைத்திருந்தார். நடுவில் ஒரு ரோடியம் அணு, சுற்றிலும் அதைப் பிடித்திருக்கும் மூன்று பாஸ்பீன் கரங்கள், ஒரு குளோரின். வேதியியலாளர்கள் அதை இன்றும் வில்கின்சன் வினையூக்கி என்றுதான் அழைக்கிறார்கள். ரோடியம் என்றதும் அந்நியமாக நினைக்க வேண்டாம். வெள்ளைத் தங்க நகைகள் பளபளக்க மேலே பூசுவது இதே ரோடியம்தான். காரின் புகைக்குழாயில் நச்சுப் புகையை மட்டுப்படுத்தும் பெட்டிக்குள்ளும் இது இருக்கிறது.

அந்த ரோடியம் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். மூன்று கரங்களில் ஒன்று விலகி இடம் விடுகிறது. ஹைட்ரஜன் ஜோடி வந்து சேருகிறது. இரண்டு அணுக்களையும் ரோடியம் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. அவற்றுக்கிடையே இருந்த பிணைப்பு அறுந்தாலும் இரண்டும் ஒரே ரோடியத்தின் மடியில்தான் இருக்கின்றன. வேறு ஜோடியோடு கலக்க வழியில்லை. பிறகு இரட்டைப் பிணைப்புள்ள ஒரு மூலக்கூறு பக்கத்தில் வந்து உட்காருகிறது. ஓர் அணு அதற்குத் தாவுகிறது, அடுத்து மற்ற அணுவும் தாவுகிறது. வேலை முடிந்ததும் புதிய மூலக்கூறு விலகிப் போய்விடுகிறது. ரோடியம் அடுத்த ஜோடிக்குத் தயாராகிறது. நல்ல கல்யாணத் தரகர் போல, காரியத்தை முடித்து வைத்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்கிறது.

இந்த யோசனையை 1986ஆம் ஆண்டில் கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் பவர்ஸ், டேனியல் வைட்டேகாம்ப் இருவரும். அடுத்த ஆண்டு, வில்கின்சன் வினையூக்கியைக் கொண்டு அதைச் செய்தும் காட்டினார்கள். பாதி மேல்நோக்கியும் பாதி கீழ்நோக்கியும் ஓங்கி எழுந்த சமிக்ஞைகள் கிடைத்தன. அந்தக் கழகம் இருக்கும் ஊர் பாசடீனா. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து, தங்கள் முறைக்கும் பாசடீனா என்றே பெயர் சூட்டினார்கள். அடுத்து வந்த மாற்று முறைக்குப் பக்கத்து ஊரான ஆல்டடீனாவின் பெயர் போனது.

இதில் ஒரு சுவையான கிளைக்கதையும் உண்டு. ஏறக்குறைய அதே நேரத்தில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஐசன்பர்க்கின் குழுவினர் ஹைட்ரஜன் சேர்க்கும் சோதனையில் இதே போன்ற விசித்திரச் சமிக்ஞைகளைக் கண்டார்கள். முதலில் வேறு காரணம் என்று எண்ணினார்கள். 1987ஆம் ஆண்டில்தான் அது பாரா ஹைட்ரஜனின் வேலை என்று தெளிந்து எழுதினார்கள். ஒரே உண்மை இரண்டு வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறது. ஒரு வீட்டார் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். மற்ற வீட்டாருக்கு அது யாரென்று தெரியச் சற்று நேரம் பிடித்தது.

நோயாளிக்கு இதனால் என்ன?

நேயர்களே, சோதனைக் கூடத்துச் சமிக்ஞை சாதாரண மனிதனுக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தலைமுடி கொட்டுகிறது, சாப்பாடு இறங்கவில்லை. மருந்து வேலை செய்கிறதா என்று குடும்பமே கேட்கிறது. கட்டி சிறிதாகியிருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்கப் பல வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதுவரை ஏற்றிய மருந்து பலன் தராத மருந்தாக இருந்தால், பட்ட வேதனையும் வீண், போன காலமும் வீண்.

கட்டி சிறிதாவதற்கு முன்பே அதன் பழக்கம் மாறுகிறது. புற்றுச் செல்கள் சர்க்கரையை மற்றச் செல்களைப் போல முழுமையாக எரிப்பதில்லை. பைருவேட் என்ற இடைப்பொருளை அவசர அவசரமாக லாக்டேட்டாக மாற்றிவிடுகின்றன. ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே கவனித்துச் சொன்ன குணம் இது. மருந்து பலித்தால் இந்த மாற்றத்தின் வேகம் குறையலாம். பைருவேட்டை உடம்பில் செலுத்தி, அது எங்கே எவ்வளவு லாக்டேட்டாகிறது என்று எம்.ஆர்.ஐ. மூலம் பார்க்க முடிந்தால், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதைச் சில நாளில் தெரிந்துகொள்ள வாய்ப்புண்டு. கதிரியக்கமும் இல்லை.

இது வெறும் கற்பனை அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 31 ஆடவர்களுக்கு இப்படிச் சமிக்ஞை பெருக்கப்பட்ட பைருவேட்டைச் செலுத்திப் பார்த்த முடிவுகள் 2013ஆம் ஆண்டில் வெளியாயின. ஆனால் அங்கே பயன்பட்டது பாரா ஹைட்ரஜன் அல்ல, வேறொரு முறை. அதில் பைருவேட்டைச் சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 272 டிகிரிக்குக் குளிரூட்ட வேண்டும். பத்துமலைப் படிகளின் எண்ணிக்கையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண் மறக்காது. அந்தக் குளிரில் நுண்ணலை பாய்ச்சி, ஒரு தடவைக்கான மருந்தைத் தயாரிக்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இயந்திரமும் பெரியது, விலையும் பெரியது. எல்லா மருத்துவமனையாலும் வாங்கி வைக்க முடியாது.

பாரா ஹைட்ரஜன் முறையில் அதே வேலை சில நொடிகளில், மிஞ்சினால் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். கருவியும் எளியது. திரவ நைட்ரஜனும் இரும்பு ஆக்சைடும் இருந்தாலே பாதி பாரா உள்ள ஹைட்ரஜன் கிடைக்கும். அதுவே முழுப் பலனில் மூன்றில் ஒரு பங்கைத் தந்துவிடும். 2001ஆம் ஆண்டிலேயே சுவீடனின் மால்மோ நகரில் கிளாஸ் கோல்மன் குழுவினர் இந்த முறையால் ஓர் எலியின் ரத்தக் குழாய்களை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் படம் பிடித்தார்கள். சாதாரண மருத்துவமனைக்கும் கட்டுப்படியாகும் வழி என்றால் அது இதுவாகத்தான் இருக்கும் என்று பல ஆய்வாளர்கள் இதன் பின்னால் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கொக்கி போட்டு இழுத்த டூரின் குழு

ஆனால் பைருவேட்டில் ஒரு சங்கடம். ரோடியம் ஹைட்ரஜன் ஜோடியைக் கொண்டுபோய் வைக்க ஓர் இரட்டைப் பிணைப்போ மூன்று பிணைப்போ வேண்டும். ஹைட்ரஜனைச் சேர்த்தால் பைருவேட்டாக மாறும்படியான அப்படியொரு முன்பொருள் கிடையாது. நல்ல சமிக்ஞை கையில் இருக்கிறது, வைக்க இடம் இல்லை.

இத்தாலியின் டூரின் நகரில் பிரான்செஸ்கா ரெய்னெரியும் சில்வியோ ஐமேயும் 2015ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பைருவேட்டின் பக்கத்தில் தற்காலிகமாக ஒரு கொக்கியை மாட்டினார்கள். அந்தக் கொக்கியில் கார்பன்களுக்கு இடையே கூடுதல் பிணைப்பு இருந்தது. ரோடியம் பாரா ஹைட்ரஜன் ஜோடியை அந்தக் கொக்கியில் கொண்டுபோய் வைத்தது. அங்கிருந்த ஒழுங்கை, காந்தப் புலத்தைச் சட்டென்று குறைத்து மெல்லக் கூட்டி, பைருவேட்டின் கார்பனுக்குக் கடத்தினார்கள். பிறகு காரம் கலந்த தண்ணீரைச் சேர்த்தார்கள். கொக்கி கழன்று விழுந்தது. சமிக்ஞையோடு பைருவேட் மட்டும் மிஞ்சியது.

இதில் இன்னொரு அழகும் இருக்கிறது. முதல் பாதி வேலை கரிமக் கரைப்பானில் நடக்கிறது. காரத் தண்ணீர் சேர்ந்ததும், எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டு அடுக்குகளாகப் பிரிகிறது. பைருவேட் தண்ணீர்ப் பக்கம் போய்விடுகிறது. ரோடியம் பெரும்பாலும் கரைப்பான் பக்கமே தங்கிவிடுகிறது. பிறகு இந்த முறையில் தயாரித்த பைருவேட்டைக் கொண்டு சுண்டெலியின் இதயம் எப்படி இயங்குகிறது என்பதையும் 2018ஆம் ஆண்டில் காட்டினார்கள்.

எல்லாமே ஓட்டப் பந்தயம்தான். பைருவேட்டில் ஏற்றிய இந்தப் பலம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வினை நடத்தி, கொக்கியைக் கழற்றி, சுத்தம் செய்து, ஊசி போட்டு, படமெடுக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து இருப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். அடுப்பிலிருந்து இறக்கிய தோசையை ஆறுவதற்குள் பரிமாறுவது போன்ற அவசரம்.

தொட்டுவிட்டுப் போகும் இரிடியம்

ரோடியத்தின் வழியில் ஹைட்ரஜன் நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒரு முறை சேர்ந்தால் முடிந்தது. மூலக்கூறும் மாறிவிட்டது. அப்படி மாற்றாமலே பலத்தை மட்டும் கொடுக்க முடியாதா?

முடியும் என்று 2009ஆம் ஆண்டில் காட்டியவர்கள் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் சைமன் டக்கெட், கேரி கிரீன் குழுவினர். அவர்கள் எடுத்துக்கொண்ட உலோகம் இரிடியம். கார்களின் விலை உயர்ந்த ஸ்பார்க் பிளக் முனையில் இருக்கும் அதே இரிடியம். இந்த முறைக்கு ஆங்கிலத்தில் சேபர் என்று பெயர். சேபர் என்றால் வாள்.

நடப்பது இதுதான். இரிடியம் அணு பாரா ஹைட்ரஜன் ஜோடியைப் பிடித்துக்கொள்கிறது. மறுபக்கம் பெருக்கப்பட வேண்டிய மருந்து மூலக்கூறும் வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் ஒரே இரிடியத்தில் இருக்கும் அந்தச் சொற்ப நேரத்தில், பிணைப்புகள் வழியாக ஒழுங்கு ஹைட்ரஜனிலிருந்து மருந்துக்குப் பாய்கிறது. பிறகு மருந்து எந்த மாற்றமும் இல்லாமல் கழன்று போகிறது. பலம் இழந்த ஹைட்ரஜனும் போகிறது. புது ஜோடி வருகிறது, புது மருந்து மூலக்கூறும் வருகிறது. ஒரே இரிடியம் ஓயாமல் இந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. யார்க் குழுவினர் முதலில் சோதித்தவற்றில் ஒன்று நிக்கோட்டினமைடு, அதாவது வைட்டமின் பி3 வகை.

இந்த ஒழுங்கு பாய்வதற்குக் காந்தப் புலம் சரியான அளவில் இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் அல்ல, அதற்கு வெளியே. ஹைட்ரஜன் கருவுக்கு 6 மில்லி டெஸ்லா அளவில் போதும். நைட்ரஜன் 15 கருவுக்கோ, பூமியின் காந்தமே அதிகம். அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான புலம் வேண்டும். ஆகவே நிக்கலும் இரும்பும் கலந்த தனிவகை உலோகக் கூட்டால் செய்த குழாய்க்குள் வைத்து, பூமியின் காந்தத்தையே மறைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டில் வெளியான இந்த முறைக்கு ஷீத் என்று பெயர் வைத்தார்கள். வாளுக்கு உறை கிடைத்துவிட்டது!

2016ஆம் ஆண்டில் இந்த வாளும் உறையும் சேர்ந்து மெட்ரோனிடசோல் என்ற மருந்தின் நைட்ரஜனில் 20 விழுக்காட்டுக்கும் மேல் ஒழுங்கை ஒரு நிமிடத்துக்குள் ஏற்றிக் காட்டின. வயிற்றுப் போக்குக்கும் ஈறு வீக்கத்துக்கும் மருத்துவர் எழுதித் தருவாரே, அதே மருந்துதான். 3 டெஸ்லா கருவியில் நைட்ரஜன் 15க்கு இயல்பாகக் கிடைக்கும் உபரி 10 லட்சத்துக்கு ஏறக்குறைய ஒன்று. இங்கே நூற்றுக்கு 20. பெருக்கிப் பார்த்தால் 2 லட்சம் மடங்கு. பத்துமலைக் கூட்டத்தில் ஒரே ஓர் ஆள் கூடுதலாக ஏறிய இடத்தில், 2 லட்சம் பேர் கூடுதலாக ஏறுவதற்குச் சமம். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இந்த மருந்து மாற்றம் அடையும் என்பதால், கட்டிக்குள் பிராணவாயு எங்கே குறைவு என்று காட்டவும் இது உதவலாம் என்று எதிர்பார்க்கிறார்கள்.

உதவிய உலோகமே விலக வேண்டும்

இவ்வளவு கேட்ட பிறகு, அடுத்த வருஷமே நம் மருத்துவமனைக்கு வந்துவிடும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. வாசலில் நிற்கும் தடை என்ன தெரியுமா? உதவி செய்த அதே உலோகம்தான்.

ரோடியமும் இரிடியமும் மருந்தோடு சேர்ந்து ரத்தத்தில் போகக் கூடாது. ஊசி வழியாகச் செலுத்தும் மருந்துகளில் உலோக மாசு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அனைத்துலக வழிகாட்டி உண்டு. இந்த இரண்டு உலோகங்களுக்கும் அது ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம்தான். மேசை உப்பின் ஒரு துகள் எடையைவிடக் குறைவு. அதோடு, இரிடியம் முறையில் பெரும்பாலும் மெத்தனால் கரைப்பானாகப் பயன்படுகிறது. அது கண்ணைப் பறிக்கும் விஷம் என்பது எல்லாருக்கும் தெரியும். உலோகத்தையும் எடுக்க வேண்டும், கரைப்பானையும் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். உலோகத்தை ஈர்த்துக்கொள்ளும் பிசின் மணிகள், இரண்டு அடுக்காகப் பிரிக்கும் முறை, தண்ணீரிலேயே கரையும் வினையூக்கிகள் என்று பல வழிகளில் முயன்று வருகிறார்கள்.

அப்படியானால் உலோகத்தைக் கரைக்காமல் திடமாகவே வைத்து, வேலை முடிந்ததும் வடிகட்டிவிடலாமே? அதுவும் நல்ல கேள்விதான். ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் இகோர் கோப்டியூக் குழுவினர் 2008ஆம் ஆண்டில் அதைச் செய்து பார்த்தார்கள். பிளாட்டினம், பலேடியம் ஆகியவற்றின் மிக நுண்ணிய துகள்களைத் திடப்பொருளின் மேல் பதித்து, அதன் ஊடே வாயுவைச் செலுத்தினார்கள். பெருகிய சமிக்ஞை கிடைத்தது. வெளியே வந்த வாயுவில் உலோகம் இல்லை. சுவாசப் பையைப் படமெடுக்க இப்படிப்பட்ட வாயு உதவலாம் என்ற நம்பிக்கையும் பிறந்தது.

ஆனால் அந்தப் பழைய மைதானச் சிக்கல் அங்கேயும் உண்டு. துகளின் மேல் விழும் ஜோடிகளில் பெரும்பாலானவை பிரிந்துபோகின்றன. நூற்றில் சில மட்டுமே சேர்ந்தே கடக்கின்றன. ஒற்றை உலோக அணு ஜோடியைக் காப்பாற்றுகிறது, ஆனால் மருந்தில் கரைந்து நிற்கிறது. திட உலோகம் எளிதில் விலகிவிடுகிறது, ஆனால் ஜோடியைக் கலைத்துவிடுகிறது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற கதைதான். இரண்டையும் ஒரே வினையூக்கியில் சேர்க்க முடியுமா என்பதுதான் இந்தத் துறையினர் இன்று விடை தேடும் கேள்வி. திடப்பொருளின் மேல் உலோகத்தைத் தனித்தனி அணுவாகப் பதித்துப் பார்க்கும் முயற்சிகள் நடப்பதும் அதனால்தான்.

விலை என்ற சங்கதியும் இருக்கிறது. ரோடியமும் இரிடியமும் உலகில் மிக அரிது. பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் பிளாட்டினச் சுரங்கங்களில் உபரியாகக் கிடைப்பவை. நல்லவேளையாக, வினையூக்கி என்பது தேய்ந்து போகும் பொருள் அல்ல. மருந்திலிருந்து அதை முழுமையாக மீட்டெடுக்க முடிந்தால், நோயாளிக்கும் பாதுகாப்பு, செலவும் மிச்சம். ஆகவே உலோகத்தை விலக்கும் வித்தையைக் கற்பது இரட்டை லாபம்.

அன்பர்களே, 1929இல் கரித்தூளும் குளிரும் வைத்துக்கொண்டு ஹைட்ரஜனைப் பிரித்துப் பார்த்தவர்கள் புற்றுநோய் மருத்துவத்தை மனத்தில் வைத்து அதைச் செய்யவில்லை. வில்கின்சன் தம் ரோடியக் கலவையைச் செய்தபோது எம்.ஆர்.ஐ. என்ற பெயரே பிறக்கவில்லை. பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்பீல்டும் எம்.ஆர்.ஐ. படத்துக்காக நோபல் பரிசு பெற்றது 2003ஆம் ஆண்டில்தான். தனித்தனியாக நடந்த காரியங்கள் ஒரு நாள் ஒரே மேசையில் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் வேதியியல் பாடத்தைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கும்மா?" என்று கேட்டால் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை வேண்டாம்.

அடுத்த முறை எம்.ஆர்.ஐ. அறை வாசலில் தாதி தோட்டைக் கழற்றச் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் இந்தப் புதிய மருந்தும் அந்த வாசலுக்கு வரும். அதுவும் தன் ரோடியத்தை, தன் இரிடியத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டியிருக்கும். நாம் நகையைக் கழற்ற எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த மருந்துக்கு இருப்பது இரண்டே நிமிடம்.